தீக்குச்சி முனை அளவு

சோடாவில் ஊற்றிய சாறு கரையவே இல்லை. பழுப்புப் பிசின்போல் திரண்டு தம்ளரின் உள்பக்கம் அப்பிக்கொண்டது. காளவாசலில் சர்பத் கடை வைத்திருக்கும் அசீமுக்குக் கை பழகிய அளவு அதுதான். நன்னாரி சிரப் மாதிரியே ஒரு கரண்டி. ஒரு வாய் குடித்தவனின் முகத்தைப் பார்த்து மனைவி ஹுமா சிரித்துவிட்டாள்.

"வேப்பெண்ணெய் குடிச்ச பிள்ளை மாதிரி இருக்கீங்க."

பீருக்குக் கசப்பைத் தரும் ஹாப்ஸ் பூவின் கெட்டிச் சாறு அது. இங்கிலாந்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் வாங்கும் சின்ன டப்பா. அங்கே வேலை பார்க்கும் தம்பி அனுப்பியது. அதில் போதை துளியும் இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே அசீம் அதைத் திறந்தான். அவன் வாழ்நாளில் பீரைத் தொட்டதில்லை. இது நண்பன் பத்ரிநாத்துக்காக.

பத்ரிநாத் குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகின்றன. இன்று மாலை கே.கே. நகரில் அவன் மச்சினன் பாலமுரளி புரமோஷனுக்கு விருந்து வைக்கிறான். போகாமல் இருக்க முடியாது. "வெறுங்கையோட உக்காந்தா ஊத்திக் குடுத்துருவாய்ங்க மாப்ள. சர்பத்து இனிப்பு சரிப்படல. அந்தக் கசப்பு நாக்குலயே நிக்குது" என்று கடையில் வந்து சொல்லியிருந்தான்.

தம்பிக்குப் போன் போட்டதும் தவறு புரிந்தது. "கரண்டியிலயா ஊத்துன? தீக்குச்சி முனை அளவு போதும்ணே. பார்லித் தண்ணியில போட்டு நல்லா கொதிக்க விடு. அப்பத்தான் கரையும்."

பார்லி கொதித்தது. அடுப்படி முழுக்கப் பச்சிலை வாசம். ஹுமா சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

"மறந்துக்கிட்டு இருக்க மனுசனுக்கு நாமளே ஞாபகப்படுத்துன மாதிரி ஆயிருச்சுன்னா?"

அசீம் அடுப்பை அணைத்தான். அந்தப் பயம் அவனுக்கும் இருந்தது. அஸர் தொழுதபோது நண்பனுக்காகக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் கையேந்தினான். ஆறிய தண்ணீரில் சோடாவைக் கலந்து பாட்டிலில் அடைத்து எடுத்துக்கொண்டு நேராகப் பத்ரிநாத் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தது அவன் மனைவி நாகமணி. அவளிடம் எதையும் மறைக்கவில்லை.

"வேணாம்னு தோணுச்சுன்னா சொல்லிரு தங்கச்சி. இப்பவே கீழ ஊத்திர்றேன்."

நாகமணி தானே முதலில் ஒரு மடக்குக் குடித்தாள். "ச்சீ! இந்தக் கண்றாவிக்கா இம்புட்டு வருசம் அலைஞ்சீங்க?" என்று கணவனிடம் தம்ளரை நீட்டினாள்.

பத்ரிநாத் சிரித்துக்கொண்டே வாங்கினான். குடித்ததும் சிரிப்பு நின்றது. கண்ணை மூடிக்கொண்டான். நாகமணி அவனையே பார்த்தபடி நின்றாள்.

"அதே கசப்புதான் மாப்ள." தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா அடுத்ததுக்கு மனசு பறக்கல. இன்னைக்குப் பறக்கல" என்றான்.

"அப்ப நானும் கூட வாரேன்" என்று நாகமணி பாட்டிலைப் பையில் வைத்தாள். மூவருமாகப் புறப்பட்டார்கள்.

விருந்து நடந்த மொட்டை மாடியில் பாலமுரளிதான் முதலில் ஆரம்பித்தான். "என்ன மச்சான், பச்சப்புள்ள மாதிரி தனியா ஒரு பாட்டிலு? அசீமண்ணே கடை சர்பத்தா?"

"குடிச்சுப் பாரு மாப்ள" என்று பத்ரிநாத் ஊற்றிக் கொடுத்தான்.

பாலமுரளி கேலியாகத்தான் வாயில் வைத்தான். பிறகு தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். மறுபடி குடித்தான். காலித் தம்ளரை மச்சானிடம் இன்னொரு முறை நீட்டினான். கைப்பிடிச் சுவரின் மேல் அவன் வைத்துவிட்டு வந்த பீர் கிளாஸில் நுரை மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.