நாகூரைப் பார்த்து நின்று பின்னால் நடந்தால்

“ஏழாங்கிளாஸ் கணக்கு எனக்கு வேணும் சார்.”

சொல்லி முடித்த பிறகுதான், சொல்லியேவிட்டோம் என்பது சுகிர்தாவுக்கு உறைத்தது. தாளாளர் அமிர்தலிங்கம் வாய்க்குக் கொண்டுபோன டீ கிளாஸை அந்தரத்தில் நிறுத்தினார். ‘வேணும்’ என்ற சொல்லை மட்டும் பள்ளிக்கூடத்துக்குள் எடுக்காதே என்று அவள் அம்மா தையல்நாயகி தலையில் அடித்துச் சொல்லியிருந்தாள். “பெரிய எடத்துல நாமளா வாயத் தொறந்து வேணும்னு கேக்கப்படாதுடி. குடுத்தா ரெண்டு கையாலயும் வாங்கிக்க. குடுக்கலையா, சிரிச்சிக்கிட்டே நில்லு.” சொன்னது யார் என்று பார்க்க வேண்டும். பட்டினச்சேரியிலிருந்து அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு தருமபுரம் தெருக்களில் வீடு வீடாக மீன் விற்பவள். நெத்திலிக்கு யாராவது விலை குறைத்துக் கேட்டால் அவர்களுடைய ஏழு தலைமுறையையும் வாசலுக்கு இழுத்து வந்து நிறுத்திவிடுவாள். அப்படிப்பட்டவள் அதே தருமபுரத்தில் அமிர்தலிங்கம் வீட்டு வாசலில் மட்டும் பூனையாகிவிடுவாள். அந்த வீட்டம்மாவுக்குக் கொடுவா மீனை ஆய்ந்து, கழுவி, துண்டு போட்டுக் கொடுத்துக் கொடுத்துத்தான் மகளுக்கு இந்த வேலையை வாங்கியிருந்தாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி, கணிதத்தில் பி.எஸ்சி., மேலே பி.எட். எல்லாம் மீனுக்குப் பின்னால் வந்த சிபாரிசுகள்தான்.

கணக்கு டீச்சர் என்று சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார்கள். சேர்ந்த நாளிலிருந்து அவள் செய்தது தெர்மகோலில் தாஜ்மகால், கலர் பேப்பரில் ரோஜா, சுதந்திர தினத்துக்கு வரிசை கட்டுவது.

“ஏம்மா, வேணும் வேணாம்னு கேக்க இது என்னா மளிகைக் கடையா?” என்றார் அமிர்தலிங்கம்.

“கடையில கேட்டாக் குடுத்துருவாங்க சார்.”

அவர் டீயைக் கீழே வைத்தார். கோபப்பட வேண்டியவர், என்னவோ நினைத்துச் சிரித்தார். “சனிக்கிழம பாண்டிலேருந்து ஒருத்தர் வர்றாரு. யாருக்கு எது எப்படி மண்டையில ஏறும்னு சயின்டிஃபிக்கா சொல்லிப்புடுவாரு. டீச்சருங்களுக்கும் பாக்குறாரு, புள்ளைங்களுக்கும் பாக்குறாரு. அத வச்சித்தான் இனிமே கிளாஸு, பர்மனன்ட்டு எல்லாம். ஒன் தலையில கணக்குன்னு இருந்தா நா என்னா புடுங்கிக்கவா போறேன்?”

சனிக்கிழமை வந்தவர் பெயர் குணசேகரன். ஒரே அறையில் மூக்கும் மூக்கும் இடிக்க உட்கார்ந்திருந்த ஆசிரியர்களுக்கு அவர் சட்டைக் காலரில் மைக் மாட்டிக்கொண்டு பேசினார். உலகத்தில் மூன்றே வகை மனிதர்கள்தான் என்றார். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர். தன் வகை தெரியாமல் படித்தவனும் வேலை பார்த்தவனும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடப்பவன் மாதிரி என்றார். சுகிர்தாவுக்கு அந்த உவமை பிடித்திருந்தது. அதோடு சரி. பிறகு கேள்வித்தாள் வந்தது.

‘புதிய ஊரில் வழி தேடும்போது நீங்கள்: அ) வரைபடம் பார்ப்பேன். ஆ) யாரிடமாவது கேட்பேன். இ) நடந்தே கண்டுபிடிப்பேன்.’ சுகிர்தா மூன்றையும் படித்துவிட்டு, கீழே தன் கையெழுத்தில் ‘ஈ) அந்த ஊருக்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்பேன்’ என்று எழுதி அதற்கு டிக் அடித்தாள். ‘புதிய பலகாரம் செய்யக் கற்கும்போது’ என்பதற்கு, ‘ஈ) நான் மட்டும் ஏன் செய்ய வேண்டும்?’ இப்படியே கடைசிவரை போனாள். வம்புக்கு எழுதவில்லை. அவளுக்கு உண்மையில் அப்படித்தான்.

முடிவுகளைக் குணசேகரன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அறிவித்தார். அமிர்தலிங்கத்தின் மச்சினன் மகள் பாரதிப்ரியா பி.காம். படித்தவள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்தாள். அவள் கண். தமிழ் ஐயா சுப்பையனுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் “ஆங்?” என்று வலது காதைத் திருப்பிக் காட்டினார். “எப்பேர்ப்பட்ட கவனம் பாருங்க!” என்று குணசேகரன் உருகிப்போய் அவரைக் காது ஆக்கினார். சுகிர்தாவின் தாளை எடுத்தபோது மட்டும் மைக்கில் பெருமூச்சு கேட்டது.

“ஈ-ன்னு ஒரு ஆப்ஷனே இல்லியேம்மா?”

“இல்ல சார். அதான் எழுதிட்டேன்.”

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். “அப்பா என்ன பண்றாங்க?”

“போட்டுல போறாரு. மீன்பிடி.”

குணசேகரன் முகத்தில் விளக்கெரிந்தது. “அப்புறம் என்ன! கை! சின்ன வயசுலேருந்து வலை பின்னியிருப்பீங்க, துடுப்பு புடிச்சிருப்பீங்க. கடல் உங்க கைக்குள்ளயே இருக்கும்மா!”

“வலையத் தாண்டுனாலே எங்கப்பா வெளக்கமாத்த எடுப்பாரு சார். போட்டு கரையில நிக்கிறப்ப ஏறுனாக்கூட எனக்கு வாந்தி வரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். சுப்பையன் ஐயா, என்ன சிரிப்பு என்று பக்கத்தில் விசாரித்துவிட்டுத் தாமதமாகச் சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது சுகிர்தா பெயருக்கு எதிரே ‘கை’ என்று எழுதியாகிவிட்டது.

சாயங்காலம் தையல்நாயகி கேட்டாள். “கைன்னா என்னாடி, நல்ல வேலதானே?”

“காயிதத்துல பூ செய்யிற வேல.”

“நெழல்தானே?”

அதற்கு மேல் அம்மாவிடம் என்ன சண்டை போடுவது? நாளெல்லாம் வெயிலில் நடக்கிறவளுக்கு நிழலே உத்தியோகம்.

சண்டை போடாமல் சுகிர்தாவுக்கு எதுவும் ஏறாது. அந்த ஆள் மூன்று வகை சொன்னாரே, அவள் வகையை அவர் பார்த்ததே இல்லை. படிக்கிற காலத்தில் ஏழாம் வகுப்பு வாத்தியார், மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ப்ளஸ் என்று எழுதிப் போட்டார். ஏன் என்று கேட்டாள். “அது ரூலு, ஒக்காரு” என்றார். “யாரு போட்ட ரூலு சார்?” அன்றைக்கு முழுக்க வெயிலில் நிற்க வைத்தார். அந்த ஒரு வரி தொண்டையில் சிக்கிய முள்ளாக வருஷக்கணக்கில் கிடந்தது. சோற்றுருண்டை விழுங்கியும் இறங்கவில்லை. கல்லூரி இரண்டாம் ஆண்டில் அதன் நிரூபணத்தோடு வரிக்கு வரி மல்லுக்கட்டி, வீட்டுக்கு வரும் பஸ்ஸில் திடீரென்று “அப்புடியாடா சங்கதி!” என்று கத்தினாள். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார். ஏழாம் வகுப்புதான் வேண்டும் என்று கேட்டது அதனால்தான். அந்த வரி அங்கேதான் வருகிறது. இன்னொரு பிள்ளைக்கு அது ‘ரூலு’ என்று போய்ச் சேருவதை அவளால் தெர்மகோல் அறுத்துக்கொண்டு பார்த்திருக்க முடியாது.

அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு பேட்ஜ் குத்தினார்கள். கண்ணுக்கு நீலம், காதுக்கு மஞ்சள், கைக்குச் சிவப்பு. நீலத்துக்கு ஏ.சி. அறை, தொட்டால் பேசும் ஸ்மார்ட் போர்டு, பாரதிப்ரியா. மஞ்சளுக்கு நூலக அறையில் ஒரு ஸ்பீக்கர், சுப்பையன் ஐயா. சிவப்புக்குப் பூவரச மரத்தடி, களிமண், சுகிர்தா. சாயங்காலமே வாசலில் கூட்டம். நிரவியிலிருந்து தெட்சிணாமூர்த்தி என்பவர், மகன் கதிரவனின் சட்டையிலிருந்து பிடுங்கிய சிவப்பு பேட்ஜோடு வந்து நின்றார். மின்துறையில் வேலை, ஊரில் நிலம்.

“எங்க பரம்பரையிலயே யாரும் கையால வேல செஞ்சதில்ல சார். எம்புள்ளய எப்புடிக் கையில போடலாம்? கண்ணு குடுங்க!”

நீலம் மெடிக்கல் காலேஜ் சீட் மாதிரி ஆகிவிட்டது. வார்டு மெம்பரிடமிருந்து போன் வந்தது. மாற்றிக்கொண்டு போனார்கள். பட்டினச்சேரிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சிவப்பு. மாற்றிக் கேட்க ஒருவரும் வரவில்லை. அந்த நேரத்துக்கு அப்பன்கள் கடலில் இருந்தார்கள், அம்மாக்கள் மார்க்கெட்டில்.

ஆனால் பிள்ளைகளின் கணக்கே வேறு. மரத்தடியில் காற்று வந்தது, களிமண் இருந்தது, சுகிர்தா மிஸ் வாய்ச்சண்டைக்கு அளவில்லாமல் வருவாள். ஒரு சிவப்பு பேட்ஜுக்கு இரண்டு சமோசா என்று கேன்டீன் பக்கம் வியாபாரம் நடந்தது. முதலில் வாங்கியவன் கதிரவன்தான். அடுத்தடுத்த நாட்களில் ஏழாம் வகுப்பே மரத்தடிக்கு இறங்கிவிட்டது. ஸ்மார்ட் போர்டு ஏ.சி.யில் தனியாகப் பாடிக்கொண்டிருக்க, பாரதிப்ரியா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

“அக்கா, மைனஸையும் மைனஸையும் பெருக்குனா ப்ளஸ்னு வருது. ஏன்னு கேட்டுதுங்க. பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டுப் போனேன், திரும்பி வந்தா ஒண்ணையும் காணும்.”

“போர்டு என்னா சொல்லுச்சு?”

“அது பாட்டுப் பாடுதுக்கா.”

சுகிர்தா களிமண் கையைச் சேலை முந்தானையில் துடைத்தாள். பள்ளிக்கூடத்தின் நீள வராண்டா மரத்தை ஒட்டித் தெற்கு வடக்காகக் கிடந்தது. தெற்கு முனையில் தாளாளர் அறை, அது நாகூர்ப் பக்கம். வடக்கு முனையில் ஏழாம் வகுப்பு, அது தரங்கம்பாடிப் பக்கம்.

“கதிரவா, எந்திரி. வராண்டாவுல ஏறு. நாகூரு பக்கம் மைனஸ். தரங்கம்பாடி பக்கம் ப்ளஸ். முன்னால நடந்தா ப்ளஸ், பின்னால நடந்தா மைனஸ். நாகூரப் பாத்து நின்னு பின்னால நட. எங்க போற?”

“எதுக்கு மிஸ் பின்னால நடக்கணும்? கிறுக்கா எனக்கு?”

“ஆமாண்டா, கிறுக்குத்தான். நட.”

நடந்தான். “தரங்கம்பாடிக்கு!” என்று கூட்டம் கத்தியது. சுகிர்தா இடுப்பில் கைவைத்து நின்றாள். வருஷக்கணக்கான முள் இவ்வளவு சுலபமாகவா இறங்குகிறது என்று அவளுக்கே பெருமை. அப்போதுதான் ஆரிபா எழுந்தாள். கேள்வி கேட்கும்போது ரெட்டைச் சடையில் ஒன்றை முறுக்கிக்கொண்டே பேசுகிற பெண்.

“நாகூர எப்புடி மிஸ் மைனஸ்ங்கலாம்? எங்க மாமி வூடு அங்கதான் இருக்கு. தரங்கம்பாடியில எங்களுக்கு யாருமே இல்ல. அத மைனஸ்ல போடுங்க.”

“இது சும்மா ஒரு கணக்குக்குடி.”

“கணக்குக்குன்னாலும் எங்க மாமி மைனஸா?”

பாதிப் பேர் ஆரிபா பக்கம், பாதிப் பேர் மிஸ் பக்கம். தரங்கம்பாடியில் அத்தை உள்ள ஒருத்தன் அழும் நிலைக்குப் போனான். கல்லூரியில் படித்த நிரூபணம் எதிலும் ஆரிபாவின் மாமி வரவில்லை. வேறு வழியில்லாமல் சுகிர்தா விட்டுக்கொடுத்தாள். “சரி, மாத்தியாச்சு. இப்ப தரங்கம்பாடி மைனஸ். அதப் பாத்து நின்னு பின்னால நடடா.”

கதிரவன் வடக்கே பார்த்து நின்று விறுவிறுவென்று பின்னால் நடந்தான். நாகூர்ப் பக்கம் போனான். ஆரிபா சடையை விட்டுவிட்டாள்.

“அப்ப எத மைனஸ்னு வச்சாலும் ப்ளஸ்ஸுக்குத்தான் போறோமா மிஸ்?”

சுகிர்தா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். இப்படி அவள் யோசித்ததே இல்லை. “திருப்பிச் சொல்லு” என்றாள். மிரட்டல் மாதிரிதான் வந்தது குரல். ஆரிபா திருப்பிச் சொல்வதற்குள், நின்று கேட்டுக்கொண்டிருந்த எல்லோரும் கவனிக்க மறந்த கதிரவன், பின்னாலேயே போய், அறையிலிருந்து வெளியே வந்த அமிர்தலிங்கத்தின் வயிற்றில் முதுகால் மோதினான்.

திங்கட்கிழமை காலை அறைக்கு வரச் சொல்லியிருந்தார் தாளாளர். மீன் ஏலத்துக்குக் கிளம்பிய அம்மாவிடம் சுகிர்தா சொன்னாள். “ரெண்டு நாளைக்குத் தருமபுரம் பக்கம் போகாதம்மா.”

“ஏண்டி, அந்த வூட்டம்மா ஊருக்குப் போவுதா?”

“இல்ல. போகாதன்னா போகாத.”

தையல்நாயகி மகளின் முகத்தைப் பார்த்தாள். அன்னக்கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, “நிரவி பக்கம் வெல கூடப் போவும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

தாளாளர் அறையில் தெட்சிணாமூர்த்தி முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். “மெம்பர்ட்ட சொல்லிக் கண்ணு வாங்குனேன் சார். ரெண்டு சமோசா குடுத்துச் செவப்ப வாங்கிக்கிட்டு மரத்தடியில பின்னால நடக்குறான். வூட்லயும் பின்னாலயே நடக்குறான்!”

அமிர்தலிங்கம் அவரைக் கையமர்த்திவிட்டு, மேசை மேலிருந்த உறையைச் சுகிர்தா பக்கம் நகர்த்தினார். “பர்மனன்ட் ஆர்டரும்மா. கைவினை ஆசிரியை. ஒங்கம்மா எத்தினி நாளா கேட்டுக்கிட்டு நிக்கிது. கையெழுத்துகூட போட்டுட்டேன். நீ ஒண்ணே ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு மரத்தடியில நடந்தது கணக்கில்ல, வெளையாட்டுன்னு சாருகிட்ட சொல்லிடு. முடிஞ்சிபோச்சு.”

“அது கணக்கு சார்.”

“தெரியும்மா. நீ வெளையாட்டுன்னு சொல்லு.”

உறை மேல் அவள் பெயரை அழகாக எழுதியிருந்தார்கள். நிழல் வேலை. மாதம் தவறாத சம்பளம். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அதன் பக்கத்தில் சாக்பீஸ் டப்பா ஒன்று இருந்தது. வராண்டாவின் அந்த முனையில் ஏழாம் வகுப்பு முதல் பீரியட் தொடங்கியிருந்தது. பாரதிப்ரியா வந்திருக்க மாட்டாள். காலையில் பஸ் நிறுத்தத்திலேயே, “எனக்கு இன்னிக்கி பாத்ரூம்தாங்க்கா” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சுகிர்தா சாக்பீஸ் டப்பாவை எடுத்தாள்.

“அது எதுக்கும்மா?”

இந்தத் தடவை அவள் வேணும் என்று கேட்கவில்லை. உறையை எடுக்காமல், இரண்டு பேரையும் பார்த்தபடியே ஒரு அடி பின்னால் வைத்தாள். பிறகு இன்னொரு அடி. அமிர்தலிங்கத்தின் முகம் மெல்ல மலர்ந்தது. சன்னிதியில் சாமிக்கு முதுகு காட்டாமல் வெளியே வருகிறவர்களைத்தான் அவர் அப்படிப் பார்த்திருக்கிறார். “பாத்தீங்களா, நல்ல பொண்ணுதான்” என்று தெட்சிணாமூர்த்தியிடம் சொன்னார். தெட்சிணாமூர்த்தி மட்டும் அந்த நடையை எங்கோ பார்த்த மாதிரி நெற்றியைச் சுருக்கினார்.

நாகூர் முனையும், அறையும், மலர்ந்த முகமும் சிறுத்துக்கொண்டே போயின. முதுகுக்குப் பின்னால் சிரிப்பு, ‘உஸ்’, பெஞ்சு இழுபடும் சத்தம். சுகிர்தா திரும்பிப் பார்க்கவில்லை.

“மிஸ், தூணு! தூணு வருது!” ஆரிபாவின் குரல். “கொஞ்சம் லெஃப்ட்டு... அய்யோ, முன்னால நடக்குற லெஃப்ட்டு இல்ல மிஸ், பின்னால நடக்குற லெஃப்ட்டு!”