பன்னிரண்டரையிலிருந்து நாலு வரை

குழந்தைகளைப் பற்றி நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதிய வெங்கிடராமனுக்கு ஒரு குழந்தையைத் தூக்கத் தெரியாது. திருப்பூணித்துறையில் அவர் வீட்டில் பிள்ளைகள் இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையை எப்போதாவது கையில் கொடுத்தால், குடையைப் பிடிப்பதுபோல் நேராகப் பிடிப்பார். பிள்ளை அழும். அவருக்கும் அழுகை முட்டும். ஆனாலும் கல்வித் துறையில் அவரைப்போல அழகாகக் கையெழுத்துப் போட ஆளில்லை என்பதால், மூன்று வயதிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு மாநிலம் என்ன செய்ய வேண்டும் என்று கொள்கை வகுக்கும் குழுவுக்கு அவரைச் செயலாளராகப் போட்டிருந்தார்கள்.

1983 ஆகஸ்டில் வரைவு முடிந்துவிட்டது. மறுநாள் காலை ரயிலில் அதைத் திருவனந்தபுரம் கொண்டுபோக வேண்டும். நடுவே ஒரு சின்ன உறுத்தல். புதிய திட்டத்தை ஜூலை முதல் சோதனையாக நடத்திய இடங்களில் மட்டாஞ்சேரியிலிருந்து மட்டும் விசித்திரமான தகவல் வந்திருந்தது: பால்வாடிக்கு எதிரே உள்ள பள்ளியில் சின்ன வகுப்புப் பெண்பிள்ளைகள் காலையில் இருக்கிறார்கள், மத்தியானம் காணோம்.

விசாரிக்க அந்தப் பள்ளிக்கே வந்த அவர் முன் தலைமையாசிரியை கமலாக்ஷி டீச்சர் வருகைப் பதிவேட்டை விரித்தார். ஆலப்புழைக்காரி, இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்தே தமிழ் படித்தவர்.

"பதினஞ்சு நாள் உச்சைக்கு, மத்தியானத்துக்கு, தொடர்ந்து வரல்லேன்னா பேரை வெட்டணும், அதாக்கும் சட்டம். மத்ததுகளுக்கு ஒம்பது, பத்து. ரெண்டாம் கிளாஸ் ஜலீலா இன்னிக்கும் வரல்லேன்னா பதினஞ்சு. நாலு மணிக்கு லிஸ்ட் அனுப்பணும் சாரே."

"என்ன, வயத்துவலியா?"

"தம்பி."

வெங்கிடராமனுக்குப் புரியவில்லை. "நீங்களே போய்ப் பாருங்கோ" என்றார் டீச்சர்.

மதிய மணி அடித்தது. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண் உப்புமாவைப் பாதி தின்று, மீதியை இலையில் மடித்துக்கொண்டு சந்தின் குறுக்கே ஓடினாள். வெங்கிடராமன் குடையும் வரைவுப் பையுமாகப் பின்னால் போனார்.

பழைய இஞ்சிக் கிடங்கின் முன் அறைதான் பால்வாடி. சுவரில் மாம்பழமும் கிளியும்; காற்றெல்லாம் சுக்கு வாசனை. வெங்கிடராமன் நுழைந்ததுமே இரண்டு தும்மல் போட்டார். பால்வாடி டீச்சர் சஃபியா பாய்களைச் சுருட்டிவிட்டுப் பூட்டைக் கையில் எடுத்திருந்தாள். அந்த இரட்டைப் பின்னல்காரி ஜலீலா ஒரு தடித்த பையனை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"இவனுக்கு என்ன வயது?"

"மூணு, சாரே" என்றாள் சஃபியா. பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "எழுத்துல மட்டும்" என்றாள்.

வெங்கிடராமன் அதைக் கேட்காததுபோல் கூரையைப் பார்த்தார். "இந்தப் பெண் ஏன் திரும்பிப் பள்ளிக்குப் போகவில்லை?"

"இவன எங்க விடுவா? உம்மா சுக்கு பொறுக்கப் போயிருக்கு, நாலரைக்குத்தான் வரும். அங்க பிள்ளைங்கள ஏத்தமாட்டாங்க. வாப்பாக்கு வெலிங்டன் தீவுல சுமட்டு வேலை, மூட்டை தூக்கறது."

"பால்வாடியை நாலு மணி வரைக்கும் திறந்து வைக்கலாமே, டீச்சர்?"

"போன வருஷம் வரைக்கும் அப்படித்தான் வெச்சிருந்தேன். அப்போ ஒருத்தியும் மதியம் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிக்கல. ஜூலைலேர்ந்து பன்னெண்டரைக்குப் பூட்டணும்னு ஓர்டர்."

"எந்த மடையன் போட்ட ஓர்டர்?"

சஃபியா அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மரியாதையாக நீட்டினாள். அடியில் ஓர் அழகான கையெழுத்து இருந்தது.

வெங்கிடராமனுக்கு அந்தப் பன்னிரண்டரை பிறந்த நாள் நன்றாக நினைவிருந்தது. குழுவில் பால்வாடி நேரம் பற்றி ஒன்றரை மணி நேரமாக வாதம். வெளியே வராந்தாவில் சாப்பாட்டுப் பாத்திரங்கள் வந்து இறங்கும் சத்தம், சாம்பார் மணம். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னிரண்டரை என்று போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டதே வெங்கிடராமன்தான். எல்லோரும் உடனே சம்மதித்து எழுந்தார்கள். சின்னக் குழந்தைகள் அதற்குமேல் களைத்துப்போவார்கள் என்ற காரணத்தை அவர் மத்தியானம் தயிர்சாதத்துக்குப் பிறகு சேர்த்தார்.

"இன்று ஒரு நாள் மட்டும் நீங்கள் இருக்க முடியுமா?" என்று சஃபியாவைக் கேட்டார், குரல் இறங்கி.

"ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் வீடு வீடாப் போய்ப் பாரம் பூர்த்தி பண்ணணும் சாரே. பதினாறு பக்கம். அதும் உங்க பாரம்தான்."

பள்ளியில் இரண்டாம் மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. ஜலீலா வாசலில் நின்று எதிர்ப்புறம் பார்த்தாள். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெங்கிடராமன் ஏதாவது விதியைச் சொல்லித் தப்பித்திருப்பார்.

"அவனை என்னிடம் கொடு" என்றார்.

ஜலீலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சாருக்குப் பிள்ளை எடுக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"பின்னே?"

"நீ சொல்லிக்கொடு."

அவள் தம்பியை அவர் இடுப்பில் வைத்து, கையை வளைத்துப் பிடிக்கவைத்தாள். "இவன் பேரு நாசர். காக்காவக் காட்டினா சிரிப்பான். படகைக் காட்டாதீங்க. வாப்பா படகுலதான் போவாரு, அதுனால அழுவான்." சந்தில் பாதி போய்த் திரும்பி வந்தாள். "அழுதா ஜன்னல் பக்கம் வாங்க. நான் ஜன்னலோரம்தான்."

சஃபியா சாவியை அவர் கையில் வைத்தாள். "என்னைப் பூட்டச் சொல்லித்தான் ஓர்டர். ஆபீசரை வெளியில தள்ளச் சொல்லல" என்று சொல்லிவிட்டுப் பாரங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

நாசர் சரியாக மூன்று நிமிஷம் பொறுத்தான். பிறகு அழுதான். வெங்கிடராமன் காக்கையைத் தேடினார். மழைக்கு ஒரு காக்கையும் இல்லை. வேறு வழியில்லாமல் அவரே கரைந்தார். பையன் அழுகையை நிறுத்தி, இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பார்த்தான். அரசாங்கத்தில் இருபத்திரண்டு வருஷ சேவையில் யாரும் அவர் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. இன்னும் நாலு தடவை கரைந்தார். எதிர்ப்புற ஜன்னலில் இரட்டைப் பின்னல் எழும்பி எழும்பித் தாழ்ந்தது. நாசரின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். பின்னல் உள்ளே போயிற்று.

இரண்டு மணிக்கு ஜலீலா விட்டுப்போன உப்புமாவை ஊட்டினார். பாதி சட்டைக்குப் போயிற்று. இரண்டரைக்கு வேட்டி நனைந்தது. மூன்று மணிக்கு நாசர் அவர் தோளில் தூங்கிப்போனான். அவன் மூச்சு கழுத்தில் பட்டது. வலது கை மரத்தது. மாற்றினால் விழித்துவிடுவானோ என்று மாற்றவில்லை. குழந்தையின் ஐம்புலன், ஆறு திறன், எல்லாம் அந்தப் பையிலிருந்த வரைவில் இருந்தன. மத்தியானம் மூன்று மணிக்கு அந்தக் குழந்தையை யார் வைத்திருப்பார்கள் என்பது நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் எங்கும் இல்லை. எதிர் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு குரல் மட்டும் வேண்டுமென்றே உரக்க வந்தது, இந்தப் பக்கம் கேட்கட்டும் என்று.

நாலு மணிக்கு ஜலீலா ஓடி வந்தாள். தம்பியின் விரல்களை எண்ணிப் பார்த்தாள், தலையை முகர்ந்தாள், வேட்டியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாலேயே கமலாக்ஷி டீச்சர் வந்தார். சஃபியாவும் திரும்பியிருந்தாள்.

"ஜலீலா பேரு லிஸ்ட்டில் இல்லை" என்றார் டீச்சர். "இன்னிக்கு வந்தாச்சே."

ஜலீலா அதைக் கவனிக்கவில்லை. "சாரு நாளைக்கும் வருவீங்களா?"

நாளைக்கு ரயில். வெங்கிடராமன் பையைத் திறந்து வரைவில் நாற்பத்தோராம் பக்கத்தை எடுத்தார். பன்னிரண்டரையை அடித்து நாலு என்று எழுதினார். கை மரத்திருந்ததால் எழுத்து கோழி கிளறியதுபோல் வந்தது.

"நாலு மணி வரைக்கும்னா இன்னொரு ஆளும் வேணும் சாரே" என்றாள் சஃபியா. "அதையும் எழுதுங்க. பாரத்தையும் கொறைங்க."

எழுதினார். பிறகு தனியாக ஒரு தாளில் இந்தப் பால்வாடிக்கு நாளை முதல் நாலு மணி என்று மலையாளத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். அதற்குத் தமக்கு அதிகாரம் உண்டா என்று சந்தேகமாக இருந்தது. பன்னிரண்டரை என்று போட்டபோது யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டால் தலைவரிடம் வேட்டியைக் காட்டலாம். தாளை ஜலீலாவிடம் நீட்டினார். அவள் விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். "நா...லு" என்ற இடத்தில் நின்றாள்.

"அப்போ சாரு வரவேண்டா?"

"வேண்டாம்."

அவள் தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "வந்தாலும் சாரம் இல்லை, பரவாயில்லை" என்றாள்.

எர்ணாகுளம் படகுக்கு அவரை வழியனுப்ப ஜெட்டி வரைக்கும் வந்தாள், தம்பி இடுப்பில். வெங்கிடராமன் பலகை தாண்டி ஏறி, குடையை மடக்கித் திரும்பிப் பார்த்தார். படகு உறுமியது. ஜலீலா அவருக்குக் கையாட்டிக்கொண்டே, மறு கையால் நாசரின் முகத்தை மெதுவாகக் கரைப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.