இலையில் ஏறிய மஞ்சள்

மஞ்சளின் மருந்துச் சத்தான குர்குமின் கிழங்கில் இருப்பது ஊருக்கே தெரியும். இலையில் எவ்வளவு, தண்டில் எவ்வளவு, வேரில் எவ்வளவு என்று அளந்து சொல்வதுதான் ரூபினியின் ஆராய்ச்சி. கிழங்கும் தண்டும் வேரும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டன. இந்தப் பாழாய்ப்போன இலைதான் அவள் உயிரை வாங்கியது. ஒரே செடியின் இலையை எத்தனை தடவை அரைத்து அளந்தாலும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வந்தது. அதுவும் இலையில் இருக்கவே கூடாத அளவுக்கு வந்தது.

வழிகாட்டிப் பேராசிரியர் எத்திராஜ் அவள் கையைத்தான் குறை சொன்னார். பாத்திரம் கழுவத் தெரியவில்லை, விவேக் நகரிலிருந்து பஸ்ஸில் வரும்போதே மனசை எங்கேயோ தொலைத்துவிட்டு வருகிறாள் என்று எல்லார் எதிரிலும் மானத்தை வாங்கினார். கை தோல் உரிய அவள் குடுவைகளைக் கழுவினாள். எண் மட்டும் சரியாகவில்லை. அழுகை அழுகையாக வந்தது.

ஜூனோடு உதவித்தொகை நின்றுவிடும். அதற்குள் இலைக் கணக்கு தேறினால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். சந்தாபுராவில் செடி வளர்த்துக் கொடுத்தவரோ கிழங்கைத் தோண்டி முடித்து நிலத்தை உழுதும் விட்டார். இனிப் பச்சை இலையைப் பார்க்க அடுத்த மழைக்காலம் வரவேண்டும்.

ஃப்ரீசரின் மூலையில் ஒரு பிடி இலை மிச்சமிருந்தது. வந்த ஆத்திரத்தில் அதை மெஷினில் போடாமல் கல்வத்தில் இட்டுக் கையாலேயே நசுக்கி அளந்தாள். குர்குமின் இருப்பதாகவே காட்டவில்லை. இலைக்கென்றே தனியாக ஒதுக்கியிருந்த அரவை மெஷினை உடனே கழற்றினாள். மூடிக்குள் இருந்த ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்தால், அடியில் மஞ்சள் காய்ந்து அப்பிக் கிடந்தது.

ஆயுத பூஜையன்று எத்திராஜ் வேட்டி கட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொரு மெஷினுக்கும் தன் கையாலேயே மஞ்சள் குழைத்துப் பூசியது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெளியே வைத்தால் துடைத்துவிடுகிறார்கள் என்று இதற்கு மட்டும் மூடியின் உள்பக்கம் தாராளமாகத் தீட்டியிருந்தார். இலை பறித்து வந்தது அதற்கு அடுத்த வாரம். அரைத்து வைத்த பொடி அத்தனையும் வீண். கையால் நசுக்கிய அந்த ஒரு பிடியை வைத்து ஆய்வேடு எழுத முடியாது.

வளையத்தைக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்தாள்.

"இலைல காட்டினது செடியோட மஞ்சள் இல்ல சார். பூஜை மஞ்சள்."

அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வருத்த வார்த்தை சொல்வார் என்று அவள் நின்றாள்.

"இத மொதல்லயே தொறந்து பாக்கறதுக்கு என்னம்மா?" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, பரவால்ல விடு. வர்ற வருஷம் மஞ்சளே வேணாம். குங்குமம் மட்டும் வெச்சுக்கலாம்."

குங்குமத்தையும் மஞ்சளில்தான் செய்கிறார்கள் என்று, மஞ்சளை ஆராய்ந்தே பேராசிரியரான மனிதருக்கு எப்படிச் சொல்வது? பிடுங்காத குறையாக வளையத்தை வாங்கிக்கொண்டு ரூபினி கழுவப் போனாள்.