காத்து நிற்கும் வில்லன்

கம்ப்யூட்டர் விளையாட்டின் வில்லன் கருங்கோனுக்கு மூன்றாம் முறையாகக் கொம்பு மாற்றியாகிவிட்டது. குரலைக் கட்டையாக்கினார்கள், கண்ணில் நெருப்பு வைத்தார்கள். அப்படியும், ஆடிப் பார்க்க வந்தவர்கள் அவன் முன்னால் நின்றுகொண்டே சாவகாசமாக போனைப் பார்த்தார்கள். வில்லனைக் கண்டு பயம் வராத விளையாட்டை எவன் வாங்குவான் என்று மேனேஜர் கேட்டுவிட்டுப் போனார். சத்தம் போடவில்லை. போட அவருக்கும் தெம்பில்லை.

சண்டைக் காட்சிகளுக்கு நிரல் எழுதுகிறவன் நாற்காலியில் சரிந்து கிடந்தான். பக்கத்து மேசைப் பெண்ணுக்கு நாள் முழுக்கக் கருங்கோன் கையால் செத்துச் செத்துக் குறை சொல்வதுதான் உத்தியோகம். ஆபீசில் அவள் பெயர் கொட்டாவி.

"கொம்புல ஒண்ணும் இல்லண்ணா. உங்க ஆள் ரொம்ப மரியாதைக்காரரு. நான் உயிர் ஏத்திக்க மருந்துக் குப்பியைத் திறந்தா கத்தியைத் தாழ்த்திக்கிட்டு நிக்கிறாரு. குடிச்சு, வாயைத் துடைச்சு, எந்திரிச்ச பிறகுதான் வெட்டுறாரு. பாவம், ஒரு டீ சொல்லலாம்போல இருக்கு."

அவனுக்குச் சுருக்கென்றது. கருங்கோனை நிற்கச் சொன்னவன் அவனேதான்.

பக்கவாதத்தில் வலது கை விழுந்த பிறகு அவன் அம்மா சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். ஒரு நாள் சும்மா இருக்கட்டுமே என்று விளையாட்டுக் கன்ட்ரோலரை அவள் மடியில் வைத்தான். எப்படியோ பிடித்துப்போனது. இடது கட்டைவிரலால் தடவித் தடவி அமுக்குவாள். ஆனால் குப்பியைத் திறப்பதற்குள் கருங்கோன் சாய்த்துவிடுவான். கன்ட்ரோலரைத் தள்ளிவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைப் பார்க்கச் சகிக்காமல், குடித்து முடிக்கும்வரை கருங்கோன் காத்திருக்கும்படி நிரலில் ஒரு வரி சேர்த்தான். வீட்டிலும் ஆபீசிலும் விளையாட்டின் ஒரே பிரதிதான் ஓடியது. அம்மாவுக்கென்று போட்டது எல்லோருக்கும் போய்விட்டது. அசதியில் அது அவன் புத்தியில் ஏறவே இல்லை.

அந்த வரியை நிரலிலிருந்து நீக்கினான். அடுத்து ஆட வந்தவன் வழக்கம்போலக் குப்பியைத் திறந்துவிட்டு போனை எடுத்தான். கத்தி பாதிக் குடியிலேயே இறங்கியது. போன் கீழே விழுந்தது. அப்புறம் திரையில் அவன் தூணுக்குத் தூண் ஒளிந்து ஒளிந்துதான் போனான். மேனேஜர் வந்து தோளைத் தட்டினார்.

பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகுதான் வீட்டு நினைவு வந்தது. இந்நேரம் புதிய பிரதி தானாகவே அங்கே இறங்கியிருக்கும். அம்மாவுக்கு இருந்ததே அந்த ஒரு பொழுதுபோக்குதான்.

மனைவி கதவருகிலேயே பிடித்துக்கொண்டாள். மத்தியானத்திலிருந்து அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை, காப்பியும் அப்படியே ஆறிக் கிடக்கிறது என்றாள்.

அம்மா தலையணையில் சாய்ந்திருந்தாள். திரையில் கருங்கோன் அவளை மிதித்துக்கொண்டு நின்றான்.

"ஆபீஸ்ல மாத்திட்டோம்மா," என்றான். "உனக்கு மட்டும் பழையபடி போட்டுத் தரேன். கொஞ்சம் இரு."

"வேணாம்."

"உன்னால முடியாதும்மா."

"பழையவன் எனக்காக நின்னான். நீ சொல்லித்தான் நின்னான்னு எனக்குத் தெரியாதா? பாத்ரூம் வாசல்ல நீ நிக்கிற மாதிரியேதான் நின்னான், காலை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு."

அவன் பையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தான்.

"நீ நிக்கிற, உன் பொண்டாட்டி நிக்கிறா. சோத்துத் தட்டோட நிக்கிறீங்க, சேலையோட நிக்கிறீங்க. நான் ஒண்ணும் குத்தம் சொல்லலடா. ஆனா அவனுமா நிக்கணும்? இன்னைக்குத்தான் என்னை ஒரு ஆளா மதிச்சு வெட்டினான்."

"எத்தனை தடவை செத்த?"

"யாரு எண்ணினா? போறவனுக்குக் கையில சுளுக்கு விழ."

மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை கருங்கோனின் கோட்டைக் கதவைத் திறப்பதற்கு முன்பே, வெளியிலேயே குப்பியைக் காலி செய்தாள். அப்படி ஒரு வழி இருப்பது அவனுக்கே தோன்றியதில்லை. உள்ளே போய் இரண்டு அடி கொடுத்தாள். மூன்றாவதற்குள் விழுந்தாள். பொத்தானை அமுக்கித் தரலாம் என்று அவன் கை நீட்டினான். முழங்கையால் தள்ளினாள்.

"போய்ப் படு. பாத்ரூம் போகணும்னா கூப்பிடுறேன்."

கட்டில் காலில் அவன் தலை சாய்ந்தது. மேலே அம்மா திரையைப் பார்த்து வாடா என்றாள். அவனை இல்லை.