எட்டரை முதல் பத்தரை வரை தைப்பூசம்

பத்து ஃபிரிங்கி என்னும் கடற்கரையிலிருந்த ஹோட்டல்களுக்கு வேன் ஓட்டுவது தொடக்கத்தில் சுலபமான ஏற்பாடு. ஆள் வந்தால் ஹோட்டலிலிருந்து போன் வரும். முடியாவிட்டால் பக்கிரிசாமி முடியாது என்பார். பிறகு ஒரு சுற்றுலா நிறுவனம் வாரா வாரம் அட்டவணை கொடுத்தது. அப்போதும் இன்னொரு டிரைவரோடு நாளை மாற்றிக்கொள்ளலாம். 1985இல் அவருடைய வேனுக்கு நிறுவனத்தின் நீல நிறத்தை அடித்து, பெர்மிட்டையும் அதன் பெயருக்கு மாற்றினார்கள். அதற்குப் பின் விமானம், அறை, காலை உணவு, பாத்திக் துணிக்கடை, வேன் எல்லாம் ஒரே சரடு. ஒரு வருஷம் முன்பே ஜெர்மனியில் சுற்றுலாப் புத்தகமாக அச்சடித்து விற்றுவிடுவார்கள். நடுவிலிருந்து ஒரு மணியை உருவ முடியாது.

அந்தச் சரடில் தைப்பூசத்தைக் கோத்துவிட்டவர் பக்கிரிசாமியேதான். நிறுவனத்தின் மேலாளர் கமாலுதீன் பேச்சுவாக்கில் கேட்டபோது, தண்ணீர்மலை முருகன் கோயிலில் எங்கே நின்றால் காவடி நன்றாகத் தெரியும் என்று பெருமையாகப் படம் வரைந்து கொடுத்தார்.

அடுத்த ஆண்டு மனைவி புஷ்பவள்ளிக்கு வயிற்றில் ஆபரேஷன். பிழைத்தால் மூன்று வருஷம் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டார். பிழைத்தாள். தைப்பூசத்துக்கு விடுப்புக் கேட்டபோது கமாலுதீன் அட்டவணையைத் திருப்பிக் காட்டினார். அன்று எல்லா வேன்களும் ஓடின. இவருடையதில் பன்னிரண்டு பேர்.

"எட்டரையிலிருந்து பத்தரை வரைக்கும் அவங்க கோயில்லதான் இருப்பாங்க. நீங்களும் அங்கதானே இருக்கப் போறீங்க லா, அண்ணே."

மலையடியில் புஷ்பவள்ளி குடத்தோடு காத்திருந்தாள். பக்கிரிசாமி கம்பெனிச் சட்டையைக் கழற்றி வேனில் வைத்துவிட்டுக் குடத்தைத் தலையில் ஏற்றினார். பன்னிரண்டு பேரும் கேமராக்களோடு பின்னாலேயே படியேறினார்கள். பத்து இருபத்தைந்துக்குச் சட்டையை மாட்டி வேனைக் கிளப்பினார்.

ஊர் திரும்பியவர்கள் பாராட்டி எழுதினார்கள். அடுத்த புத்தகத்தில் அவர் படம் வந்தது: டிரைவரே நேர்த்திக்கடன் செலுத்துவதைப் பார்க்கலாம்.

மூன்றாம் வருஷம் பாலை ஊற்றிவிட்டு, முடித்துவிட்டேன் என்று முருகனிடம் சொல்லி இறங்கினார். வேனருகே கமாலுதீன் புதுப் புத்தகத்தோடு நின்றார். நான்காம் வருஷப் பால்குடம் அதில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. பக்கிரிசாமி வேண்டுதல் முடிந்த கதையைச் சொன்னார். கமாலுதீன் கோபப்படவில்லை.

"பெர்மிட் புதுப்பிக்கிறது மார்ச்லதானே அண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த விரதக் காலம் வந்தது. புஷ்பவள்ளி மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"இந்தத் தடவை என்ன வேண்டுதல்?" என்றாள்.

பக்கிரிசாமி மஞ்சள் வேட்டியை வாளியில் ஊறவைத்துக்கொண்டிருந்தார்.