சலூன் கண்ணாடியில் ஒரு கூட்டம்

சலூன்காரரின் மனைவி ஆசைப்பட்டு வாங்கிவந்த மஞ்சள் பட்ஜிக் கிளிக்கு வீட்டில் நல்ல வரவேற்பு இல்லை. கூண்டில் முன்பே குடியிருந்த ‘மேஸ்திரி’ என்ற நீலப் பறவை, அதைத் தீனிக் கிண்ணத்தின் பக்கமே அண்டவிடாமல் தலை இறகு உதிரும்படி கொத்தியது. மஞ்சள் பறவை பட்டினியாக, உடம்பை உப்பிக்கொண்டு மூலையில் ஒடுங்கிவிட்டது.

“நானே வாங்கிட்டு வந்து நானே கொல்றேங்க,” என்று மனைவி கண்ணைக் கசக்கினாள்.

“அழுதா இறகு முளைக்குமா? தலை சொட்டையானவன் என் கடைக்குத்தானே வரணும்!” என்று அவர் அதைத் தனிக்கூண்டில் சலூனுக்குத் தூக்கிப்போனார்.

விளக்கின் சூடு படட்டும் என்றுதான் நாற்காலியருகே வைத்தார். முன்னும் பின்னும் கண்ணாடி இருப்பதை அவர் யோசிக்கவில்லை. பறவை தலையைத் தூக்கியது. அடிவானம் வரை மஞ்சள் பட்ஜிகள் வரிசைகட்டி நின்றன. நமக்கு இத்தனை சொந்தமா என்று தெம்பு வந்து அது தினையைக் கொத்த, அத்தனையும் கொத்தின. சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் அவற்றை எண்ணத் தொடங்கி, நாற்பதாயிரத்தில் நுரையோடு தூங்கிப்போனார்.

பறவைக்கு உடம்பு தேறியபின் வீட்டுக் கூண்டில் விட்டார்கள். பின்னால் படை வருகிற தோரணையில் அது நேரே கிண்ணத்துக்கு நடந்தது. மேஸ்திரி மரியாதையாக நகர்ந்து இடம்விட்டது.

“என்னங்க மருந்து குடுத்தீங்க?”

“சொந்தக்காரங்களைக் காட்டினேன்.”

மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “அவங்களுக்கெல்லாம் நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க.”

மறுநாள் கடையைத் திறந்ததும் அவர் கண்ணாடிமுன் நின்று கைகூப்பினார். அடிவானம் வரை சலூன்காரர்கள் அடக்கமாகத் திருப்பிக் கும்பிட்டார்கள்.