ஒரு கப் என்றால் எத்தனை கிராம்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாத்தனார் எழிலரசியின் குரல்பதிவைக் கேட்டபோது ஜான்சி திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்பொண்ணு மோனிகாவைப் பாக்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தப்ப மானமே போச்சு. ஜான்சி சொன்ன அளவுலதான் கேக் செஞ்சேன். கத்தி வெச்சதும் அப்படியே உதிர்ந்துபோச்சு. அவ கேக்கு மாதிரி வேற யாருக்கும் வரக்கூடாதுன்னு எதையோ மறைச்சிட்டா."

தோசை கருகியது. மறைச்சிட்டாளாம். கிறிஸ்துமஸ் தவறாமல் சிதம்பரத்துக்குக் கேக் கொடுத்தனுப்பியவள் அவள். செய்முறை கேட்டதும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னவளும் அவளே.

"விடு, அக்கா வாய் அப்படித்தான்," என்றான் கணவன் அன்பரசு.

"அவுங்க வாய் அப்படின்னா நான் திருடியா?"

எடை மெஷினையும் அளவுக் கப்பையும் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினாள். வழியெல்லாம் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனாள்.

சிதம்பரம் வீட்டில் அவளைப் பார்த்ததும் எழிலரசி காபி கலக்கப் போனாள். ஜான்சி தடுத்தாள்.

"காபி வேணாம் அண்ணி. திராட்சை எவ்வளவு போட்டீங்க?"

"நீ சொன்ன மாதிரி ரெண்டு கப். பேரீச்சம்பழம் ஒரு கப். என்கிட்ட அளவுக் கப் இல்ல, அதனால எடை போட்டேன். ஒரு கப்புன்னா இருநூத்தி அம்பதுன்னு போன்லயே இருக்கு."

"இருநூத்தி அம்பது என்ன?"

"கிராம்தான்."

"அது மில்லி அண்ணி. கப்புல எவ்வளவு தண்ணி புடிக்கும்ங்கிற கணக்கு. திராட்சை தண்ணியா?"

ஜான்சி கப்பில் உலர்திராட்சையை நிரப்பி மெஷினில் கொட்டினாள். நூற்றைம்பது கிராம் காட்டியது. எழிலரசி நம்பவில்லை. தானே வாங்கி, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் திணித்துக் கொட்டினாள். நூற்றெண்பதைத் தாண்டவில்லை. பேரீச்சம்பழத்தை நறுக்கிப் போட்டார்கள். அதுவும் நூற்றைம்பதை ஒட்டித்தான் வந்தது.

"நானூத்தி அம்பது போட வேண்டிய எடத்துல முக்கா கிலோ போட்டிருக்கீங்க. அத்தனை பழத்தை, நான் கிராம்லயே சொன்ன இருநூறு கிராம் மாவு எப்படிப் புடிச்சிக்கும்?"

எழிலரசி மெஷினை ஒருதரம் தட்டிப் பார்த்தாள். "சரி, என் தப்புதான்."

"இங்க சொன்னா பத்தாது. குரூப்ல சொல்லுங்க."

"அதுல மூத்தவளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி கூட இருக்காங்கடி."

"என்னைத் திருடின்னு சொன்னப்பவும் இருந்தாங்க."

எழிலரசி போனை எடுத்தாள். "அளவுல சின்ன குழப்பம் ஆயிடுச்சி," என்று ஆரம்பித்தாள்.

"யாரோட குழப்பம்னு சொல்லுங்க அண்ணி."

அதை அழித்துவிட்டு மறுபடி பேசினாள். "கப்பு அளவை நான்தான் தப்பா கிராம் ஆக்கிட்டேன். ஜான்சி ஒண்ணும் மறைக்கல. அப்படிச் சொன்னது என் தப்பு."

ஜான்சி மெஷினை எடுத்துப் பையில் வைத்தாள். அப்போதும் காபி குடிக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் குழுவில் சிரிப்பும் கும்பிடுமாகப் பொம்மைகள் வந்து விழுந்தன. சம்பந்தியம்மாள் ஜான்சியை அடுத்த தடவை கேக்கோடு வரச் சொல்லியிருந்தாள். ஜான்சிக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஆலப்பாக்கம் தாண்டும்போது எழிலரசி அவளுக்குத் தனியாக அனுப்பியிருந்தாள்: "உடைச்ச முந்திரி ஒரு கப்புன்னா எத்தனை கிராம்?"

பதில் தெரியும். "ஒரு அளவுக் கப் வாங்கிக்குங்க அண்ணி," என்று எழுதிவிட்டுப் போனை அணைத்தாள்.